இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம், "எங்கே வலிக்கிறது, கையை வைத்துக் காட்டுங்கள்" என்றுதான் முதலில் கேட்பேன். நம் பேச்சில் சேலை கட்டுகிற இடமும் இடுப்பு, கீழ்முதுகும் இடுப்பு. ஆனால் தொடை எலும்பின் பந்து போன்ற தலை குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிற இடுப்பு மூட்டு, இன்னும் கீழே, உள்ளே தள்ளி இருக்கிறது. அது தேய்ந்தால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். இரண்டு மூட்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் வருகிற குழப்பம் இது.

ஒரு அம்மா முழங்காலுக்கு ஒன்றரை வருடம் தைலம் தேய்த்துவிட்டு வந்தார். முழங்கால் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. "கால் நகம் வெட்ட முடிகிறதாம்மா?" என்றேன். "பேத்திதான் வெட்டிவிடுகிறாள்" என்றார். எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. நகம் வெட்டக் குனிய முடியாமல் போவதும், சம்மணம் போட முடியாமல் போவதும் இடுப்பு மூட்டு சொல்கிற சேதி.

காலையில் எழுந்ததும் கால் இறுகியிருக்கும். நாலு எட்டு வைத்தால் அரை மணிக்குள் இளகிவிடும். தேய்மானத்தின் இயல்பு அது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுக்கம் விடவில்லை என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்து நிறைய எடுத்தவர்களுக்கும், அதிகம் குடிப்பவர்களுக்கும் இளம் வயதிலேயே அந்தப் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு சிதையலாம். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஊன்றுகோலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். நம்மவர்கள் பலர் வலிக்கிற பக்கத்துக் கையிலேயே கோலைப் பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் அந்த ஒரு நொடி, உடல் மறுபக்கம் சாயாமல் பிட்டத்தின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் சேர்ந்து, உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சுமை மூட்டில் இறங்குகிறது. எதிர்க்கையில் கோல் இருந்தால் தசைக்கு வேலை குறையும், மூட்டுக்கும் சுமை குறையும். கையைத் தொங்கவிட்டு நின்றால் கோலின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரட்டும். ஐந்து கிலோ எடை குறைந்தாலும் மூட்டுக்கு எவ்வளவு லாபம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், வலிக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். படுத்தால் இறுக்கம்தான் கூடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை மெல்லத் தூக்கி இறக்குங்கள். பத்து முறையில் தொடங்கலாம். செய்யும்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை. மறுநாளும் அந்த வலி அதிகமாகவே இருந்தால் அளவைக் குறையுங்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

தூக்கம் கெட்டு, தெருமுனை வரை நடக்க முடியாத நிலை வந்தால் அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1962இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முறைதான் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு அடிப்படை. பயப்படுகிற அளவுக்குப் புதிய வைத்தியம் இல்லை.

படிக்கட்டில் மட்டும் இதை நினைவில் வையுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வணக்கம்.