கையெழுத்துக்கு முன்பே படகேறியவர்கள்

(தலைப்பு: அமெரிக்க அடிமைகளின் விடுதலைக்குப் பெரிதும் காரணம் லிங்கனின் தலைமையா, அடிமைகளின் சொந்தப் போராட்டமா? “சொந்தப் போராட்டமே” அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் கணீரென்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே, பிரிந்து போன தெற்கு மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்த விடுதலைப் பிரகடனத்தில் 1863 ஜனவரி 1 அன்று கையெழுத்துப் போட்டவர் குடியரசுத் தலைவர் லிங்கன். அடிமைகள் தப்பி ஓடினார்கள் என்றால், வடக்குப் படை முகாம் போட்ட இடத்துக்குத்தானே ஓடினார்கள்? அந்தப் படையை அனுப்பியதும் லிங்கன்தானே? இது அவர் வாதம். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே முன்வைக்கும் வாதம் அது. ஊதித் தள்ளிவிட முடியாது.

படையை அனுப்பினார், சரி. எதற்கு அனுப்பினார்? 1861 மார்ச் 4, பதவியேற்பு உரை. அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று அந்த மேடையிலேயே சொன்னவர் லிங்கன். பிரிந்து போன மாநிலங்களைத் திரும்ப இழுத்துவரப் புறப்பட்ட படை அது. தஞ்சம் கேட்டு வந்த அடிமைகளைத் திருப்பி அனுப்பிய தளபதிகள் அந்தப் படையிலேயே இருந்தார்கள். அப்படிப்பட்ட படையை விடுதலைப் படையாக்கியது யார்? அதற்குத்தான் பதில் வேண்டும்.

1861 மே 23, இரவு. வர்ஜீனியாவில் மன்றோ கோட்டை. மாநிலம் தெற்கோடு போய்விட்டாலும் அந்தக் கோட்டை மட்டும் வடக்கின் கையில். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று அடிமைகள் ஒரு படகைத் துடுப்புப் போட்டுக் கோட்டைப் பக்கம் வருகிறார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை வட கரோலினாவுக்குக் கொண்டுபோக எஜமான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போனால் பெண்டாட்டி பிள்ளை முகத்தில் முழிக்க முடியுமோ முடியாதோ. கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் தெற்கு அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியோடு வருகிறார். “தப்பி ஓடும் அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டமே சொல்கிறதே, கொடுங்கள்” என்கிறார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். வர்ஜீனியா இப்போது தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொள்கிறது, அயல்நாட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று முடித்துவிட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து, ஆகவே பறிமுதல்!

பட்லரை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மேரிலாந்து ஆளுநரிடம், “அடிமைகள் கலகம் செய்தால் அடக்க என் படை தயார்” என்று சொன்ன மனிதர் அவர். மூன்று பேர் வாசலில் வந்து நின்றதால் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. சேதி பரவியது. குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தார்கள். ஜூலை முடிவதற்குள் 900 பேர். அதில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 225 என்று பட்லரே மேலிடத்துக்குக் கணக்கு எழுதுகிறார். இவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். வாஷிங்டனில் பதில் இல்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவசர அவசரமாகப் பறிமுதல் சட்டம் போடுகிறது. அடுத்த மார்ச்சில், தப்பி வந்தவர்களைப் படையினர் திருப்பி அனுப்பக்கூடாது என்று இன்னொரு சட்டம். கால்கள் முன்னே, சட்டம் பின்னே. பிரகடனம் இதற்கெல்லாம் பிறகு வந்தது, நடுவர் அவர்களே.

இடைப்பட்ட காலத்தில் லிங்கன் என்ன செய்தார்? மிசோரியில் ஃப்ரீமான்ட் என்ற தளபதி அடிமைகளை விடுவித்து ஆணை போட்டார். அதைத் திருத்தச் சொன்னார். 1862-இல் ஹன்டர் என்ற இன்னொரு தளபதி போட்ட அதே மாதிரி ஆணையை ரத்தே செய்தார். அடிமை முறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்ற கென்டக்கி மாநிலம் கையைவிட்டுப் போய்விடக்கூடாது என்ற கவலை அவருக்கு. அரசியல்வாதிக்கு அது நியாயமான கவலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவலைப்பட்டவருக்கே விடுதலை வாங்கிய பேரும் என்றால் எப்படி? அடுப்படியில் வெந்தவள் ஒருத்தி, பந்தியில் நின்று “சாப்பாடு எப்படி?” என்று விசாரிக்கிற பெரியவருக்குப் பேர் என்கிற கதையாக அல்லவா இருக்கிறது!

அப்படியானால் பாடப்புத்தகத்தில் ஏன் அந்த அடிமைகள் இல்லை? எழுதிய கைகளைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வரலாற்றை எழுதியவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங், அவருடைய மாணவர்கள். அந்த வழியில் வந்த உல்ரிச் பிலிப்ஸ் 1918-இல், தோட்டத்து அடிமை வாழ்வை ஏதோ பண்படுத்தும் பள்ளிக்கூடம் மாதிரி வர்ணித்தார். எஜமானர்களின் கணக்குப் பேரேடுகளும் கடிதங்களும் அவர்களுடைய சான்றுகள். பேரேட்டில் அடிமை செலவுக் கணக்காக வருவானே தவிர, மனுஷனாக வருவானா?

1935-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் எழுதினார்: போர்க்காலத்தில் தோட்டங்களை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானவர்கள் நடத்தியது ஒரு பொது வேலைநிறுத்தம், தெற்கின் முதுகெலும்பை முறித்தது அதுதான் என்று. நாட்டின் முன்னணி வரலாற்று ஆய்விதழ் அந்த நூலுக்கு ஒரு மதிப்புரைகூடப் போடவில்லை! சிவில் உரிமைப் போராட்டம் தெருவில் நடந்த பிறகுதான் பல்கலைக்கழகங்களின் காதில் விழுந்தது. 1976-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஐரா பெர்லினும் அவருடைய குழுவினரும் தேசிய ஆவணக் காப்பகத்தின் ராணுவக் கட்டுகளைப் பிரித்தார்கள். அதற்குள் முன்னாள் அடிமைகளின் மனுக்கள், வாக்குமூலங்கள், கடிதங்கள்.

ஒரே ஒரு கடிதம் சொல்கிறேன். 1864 செப்டம்பர். ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், மிசோரியில் அடிமையாக இருந்து படையில் சேர்ந்தவர், செயின்ட் லூயியில் ராணுவ மருத்துவமனையிலிருந்து தம் மகளை வைத்திருக்கும் எஜமானிக்கு எழுதுகிறார். மகளைத் திருடப் பார்த்தான் என்று அந்த அம்மாள் பழி சொல்லியிருந்தார். எழுத்துப் பிழை மலிந்த கடிதம். அதன் சாரம்: மேரி என் பிள்ளை, கடவுள் எனக்குக் கொடுத்த உரிமை. எவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்கிறாயோ அவ்வளவு காலம் நரகத்தில் வேகப்போகிறாய்!

எதிரணியினர் கொஞ்சம் கவனிக்கவேண்டும். மிசோரி வடக்கோடு நின்ற மாநிலம். பிரிந்து போன மாநிலங்களுக்கு மட்டுமான லிங்கனின் பிரகடனம் அங்கே செல்லவே செல்லாது. பிரகடனம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தச் சிறுமி சட்டப்படி அடிமைதான். அவளை மீட்கக் கிளம்பியது சீருடை போட்ட அவளுடைய அப்பா. அவரைப் போல ராணுவத்தில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர். பெரும்பாலோர் அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆவது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொடவே மறுத்து மாதக்கணக்கில் சும்மாவே சண்டை போட்டது. 1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கி வந்து சமச் சம்பளம் கொடுத்தது.

அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்துக்கு லிங்கன் பாடுபட்டார் என்று அடுத்து வருபவர் சொல்வார். பாடுபட்டார், மறுக்கவில்லை. ஆனால் ஆயுதம் ஏந்தி நாட்டுக்காகச் செத்தவர்களின் பிள்ளைகளை மறுபடி ஏலம் போட முடியாது என்ற நிலையை உண்டாக்கிவிட்டுத்தானே அந்த வாக்கெடுப்பே வந்தது?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறேன். ஆபிரகாம் லிங்கன். 1864 ஏப்ரலில் கென்டக்கிப் பத்திரிகையாளர் ஆல்பர்ட் ஹாட்ஜஸுக்கு அவர் எழுதியது இது: நிகழ்ச்சிகளை நான் கட்டுப்படுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், நிகழ்ச்சிகள்தாம் என்னைக் கட்டுப்படுத்தின என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். எதிரணி விரும்பினால் அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொள்ளட்டும். நன்றி, வணக்கம்.