டைலோஃபோசாரஸ்: இரட்டைக் கொண்டை வேட்டை விலங்கு

(காட்சி: அரிசோனாவின் செம்பாறை நிலம்)

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டியூபா சிட்டிக்கு அருகில் ஒரு டைனோசரின் எலும்புகள் வெளித்தெரிவதை 1940-ல் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஜெஸ்ஸி வில்லியம்ஸ் கண்டார். 1942-ல் அவர் இடத்தைக் காட்ட, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வெல்ஸ் தலைமையிலான குழு அவற்றைத் தோண்டியெடுத்தது. அந்த எலும்புக்கூட்டில் கொண்டை நொறுங்கியிருந்ததால், 1954-ல் வெல்ஸ் அதை ஏற்கெனவே அறியப்பட்ட மெகலோசாரஸ் இனத்தோடு சேர்த்தார். 1964-ல் கிடைத்த வேறொரு எலும்புக்கூட்டின் மண்டையோட்டில் இரண்டு கொண்டைகள் தெளிவாகத் தெரிந்தன. அதன் பின்னரே, 1970-ல், டைலோஃபோசாரஸ் என்ற தனிப்பெயர் பிறந்தது.

(காட்சி: மண்டையோடு, மிக அருகில்)

ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த இந்த விலங்கு ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் வளர்ந்தது. தலையின் இருபுறமும் எழுந்து நிற்கும் கொண்டைகள் மெல்லிய எலும்புத் தகடுகளே. மோதிச் சண்டையிட அவை தாங்கியிருக்காது. தன் இனத்தை அடையாளம் காணவும் இணையைக் கவரவும் உதவியிருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். 1993-ல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் நாம் பார்த்த கழுத்து விசிறிக்கும் உமிழும் நஞ்சுக்கும் எலும்புகளில் எந்தச் சான்றும் இல்லை.

மேல்தாடையின் முன்பகுதியில் உள்ள இடைவெளியைப் பார்த்த வெல்ஸ், கடி வலுவற்றது என்றும், இது செத்த விலங்குகளைத் தின்றிருக்கலாம் என்றும் கருதினார். ஆனால் ஆடம் மார்ஷும் திமோதி ரோவும் 2020-ல் வெளியிட்ட விரிவான ஆய்வு, வலிமையான தசைகளைத் தாங்கும் உறுதியான தாடை இதற்கு இருந்ததைக் காட்டியது.

(காட்சி: தோள்பட்டையும் முன்னங்கைகளும்)

என்னை மிகவும் வியக்கவைப்பது 1942-ல் எடுக்கப்பட்ட அதே எலும்புக்கூடுதான். தோளிலும் கைகளிலுமாக அதில் எட்டுக் காயங்களின் தடங்கள் உள்ளன. இடது தோள்பட்டை எலும்பும் கை எலும்பும் முறிந்துள்ளன. வலது கையின் ஒரு விரல் மடக்கவே முடியாதபடி கோணிப்போயிருக்கிறது. முறிந்த இடங்களில் எலும்பு மீண்டும் வளர்ந்திருப்பதால், அடிபட்ட பின்னும் அது பல மாதங்களாவது உயிரோடு இருந்தது உறுதி. அக்காலத்தில் இரையைக் கைகளால் பற்ற அது பெரிதும் தடுமாறியிருக்கும்; வலுவற்றது என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட அந்தத் தாடைதான் அதற்கு உணவூட்டியிருக்க வேண்டும்.