வாழ்த்து அட்டை: தாளின் இழையும் பொருளின் இடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஏ4 தாளிலிருந்து ஒரே அளவில் இரண்டு வாழ்த்து அட்டைகளை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடிக்கலாம். அல்லது நெடுக்கே இரண்டு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் நடுவில் மடிக்கலாம். எப்படிச் செய்தாலும் ஏறத்தாழ 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள அட்டைதான் கிடைக்கும். 114-க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறைக்குள் இரண்டுமே தடையின்றி நுழையும். ஆயினும் கெட்டியான தாளில் இதைச் செய்து பார்த்தால், ஓர் அட்டையின் மடிப்பு சீராக விழுந்திருக்கும். மற்றதன் மடிப்பு வெடித்து, உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரியும். இதற்குக் காரணம் தாளின் இழையோட்டம்.

இயந்திரத்தில் தாள் உருவாகும்போது, கூழிலுள்ள இழைகளில் பெரும்பாலானவை இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அத்திசைக்கு இணையாக மடித்தால் இழைகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. குறுக்காக மடித்தால் அவை முறிகின்றன. ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், நான் முதலில் சொன்ன முறையே நல்ல மடிப்பைத் தருகிறது. ஐயம் இருந்தால், தாளை மடிக்காமல் இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு விழும் திசையே இழையின் திசை. அதைக் கண்டவுடன் தாளின் பின்புற மூலையில் பென்சிலால் ஒரு சிறிய அம்புக்குறி இட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாளை வெட்டிய பிறகு, மிஞ்சிய துண்டின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது நினைவில் நிற்பதில்லை.

அட்டையின் அடித்தாளுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள தாள் பொருத்தமானது. படியெடுக்கப் பயன்படும் 80 ஜிஎஸ்எம் தாளில் செய்த அட்டை மேசைமேல் நிற்காமல் சரியும். ஆனால் உள்ளே வாழ்த்தை எழுதி ஒட்டுவதற்கு அதுவே நன்றாக உதவும். கெட்டித்தாளை மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் ஒரு கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அக்கோட்டின் பள்ளமான பக்கம் மடித்தபின் வெளிப்புறமாகவும், புடைத்த பக்கம் உட்புறமாகவும் வரவேண்டும்; புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இதை மாற்றிச் செய்துவிட்டுத் தாளைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

தாளின் இந்தக் குணங்கள் தெரிந்த பிறகுதான், வீட்டில் பொருள்களை வைக்கும் முறையைப் பற்றி எனக்குத் தெளிவு வந்தது. அதற்கு முன் நான் தாள்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். ஈரத்தை உறிஞ்சிய இழை நீளத்தில் வளர்வதைவிடப் பருமனில் மிகுதியாக உப்புகிறது; அதனால் சாய்ந்து நிற்கும் தாள் தன் எடையாலும் காற்றின் ஈரத்தாலும் வளைந்து, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் முழுமையாக நேராவதில்லை. அவ்வாறு ஒரு கட்டுத் தாளையே இழந்தேன். தாள்களைப் படுக்கையாக, வெயில் படாத இடத்தில் வைப்பதே நல்லது. இடம் இல்லாமல் நிற்க வைத்தே ஆகவேண்டும் என்றால், சாய்வதற்கு இடமில்லாத அளவுக்கு நெருக்கமாக வைத்து, இரு புறமும் கெட்டியான அட்டை கொடுக்கலாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கலையில் ஈடுபடும் வீடுகளில் இடத்தை அடைத்துக்கொள்பவை அவைதாம். எல்லாத் துண்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டு வைப்பவர், சிறிய சிவப்பு இதயம் ஒன்றை வெட்டுவதற்காகப் பெட்டியைக் கிளறி, சலித்து, முடிவில் புதிய முழுத்தாளையே எடுத்து வெட்டுகிறார். பெட்டி மேலும் நிறைகிறது. நான் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, முழுத்தாள்களுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். கை முதலில் துண்டின் மீது பட்டால்தான் துண்டு செலவாகும். நான்கு விரல் அகலத்துக்குக் குறைந்தவற்றை வைத்துக்கொள்வதில்லை. அந்த அளவு என் கைப்பழக்கத்துக்கு ஏற்றது, உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் ஏதேனும் ஓர் அளவை முடிவு செய்து அதில் உறுதியாக இருப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

வண்ணம் தீட்டும் பொருள்களுக்கும் வைக்கும் முறை உண்டு. இரு முனைகளும் எழுதும் மார்க்கர்களைப் படுக்கையாக வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் மை கீழே இறங்கி மேல்முனை உலர்ந்துவிடும். மை தொட்டுப் படம் பதிக்க உதவும், ஒளி ஊடுருவும் பாலிமர் அச்சுகள் வெயிலில் மஞ்சளாவதால், பயன்படுத்தியதும் துடைத்து, அவை ஒட்டி வந்த தகட்டிலேயே மீண்டும் ஒட்டி, இழுப்பறையில் வைப்பது நல்லது. அச்சும் கைவண்ணமும் சேர்ந்த முறை பழமையானது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட ஜான் கால்காட் ஹார்ஸ்லியின் ஓவியத்தைக் கல்லச்சில் அச்சிட்டு, அதன்மேல் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள்.

பசையைப் பொறுத்தவரை, வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருங்கி அட்டை வளையும். பெரிய பரப்பை ஒட்ட இருபக்க ஒட்டுநாடாவும், சிறிய பூ, மணி போன்றவற்றுக்கு வெள்ளைப் பசையும் போதும்.

இவற்றையெல்லாம் எங்கே வைப்பது என்பதில், கத்தரிக்கோல்கள் ஓரிடம், பசைகள் ஓரிடம் என்று வகைவாரியாகப் பிரிப்பதைவிட, வேலையின் வரிசைப்படி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வெட்டுவதற்கும் மடிப்பதற்கும் வேண்டிய கத்தி, ஸ்கேல், மை தீர்ந்த பேனா ஆகியவை ஒரு தட்டில், அச்சிட்டு வண்ணம் தீட்டுபவை அடுத்த தட்டில், ஒட்டுபவை மூன்றாவதில். உணவு மேசையின் ஒரு மூலைதான் கிடைக்கிறது என்றாலும், ஒரு தட்டை எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதைத் திருப்பி வைத்து, அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரே அமர்வில் அட்டை முடியாமல் போவதும் உண்டு என்பதால், நான்காவதாக ஒரு வெறும் தட்டை ஒதுக்கியிருக்கிறேன். பாதியில் நிற்கும் அட்டையும், அதற்கென வெட்டிய துண்டுகளும், அதற்குரிய உறையும் அதில் ஒன்றாக இருக்கும். கால் மணி நேரம் ஓய்வு கிடைக்கும் நாளில் நான் முதலில் எடுப்பது அந்தத் தட்டைத்தான்.

நன்றி, வணக்கம்.