முதல் அடிக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம். எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். சிக்குப் பிடித்த தலை. தோளில் ஒரு உரச்சாக்கு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். பிள்ளை வைத்திருக்கிற யாருக்கும் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"டேய், எந்த ஊரு?" என்று ஒருவர் கேட்டார். மரத்தடியில் நின்றவருக்கு நம் பாஷை புரியவில்லை. சாக்கைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "பாத்தியா, மறைக்கிறான்!" என்றது ஒரு குரல். பைக்கில் வந்த ஒரு தம்பி, "வாட்ஸ்அப்ல வந்துச்சே, அந்தப் பிள்ளை பிடிக்கிற கும்பல்தான் இது" என்றார். அவ்வளவுதான், சுற்றி இருபது பேர். அந்த இடத்தில் அவர் முழித்தாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். ஓடியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. 2018 மே 9ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு காரில் போனது. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கத்தில் அத்திமூர். வழி கேட்க நிறுத்திய இடத்தில், காரிலிருந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பாட்டிமார் வழக்கமாகச் செய்கிற காரியம். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே திரண்டது. அந்த அம்மா அடிபட்டே செத்துப்போனார். உடன் வந்தவர்கள் குற்றுயிராகக் கிடந்தார்கள். அந்தக் காட்சியைப் படம்பிடிக்க அங்கே ஆள் இருந்தது, தடுக்கத்தான் இல்லை. அதே மாதம் பழவேற்காட்டில், இதே சந்தேகத்தில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கலாம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டினது ஒரு கை. பரப்பினது எத்தனை கை! ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவின் துளே மாவட்டத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை இதே வதந்தி கொன்றது. அந்த மாதமே உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க வழிமுறைகள் வகுத்தது. வாட்ஸ்அப் நிறுவனமும், வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நாடோடிகள் என்றதும் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வருகிறது. குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், அம்மி கொத்துகிறவர், சாணை பிடிக்கிறவர் என்று வெளியாள் வராத நாளே இருக்காது. அப்போது எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. திண்ணையில் உட்காரவைப்பதற்கும் சாதி பார்த்த தெரு அது. சாப்பிட அடம்பிடித்தால் "பிள்ளை பிடிக்கிறவன் வர்றான்" என்று பயம் காட்டி வளர்த்ததும் அதே தெருதான். ஆனாலும் வந்தவர் யார், என்ன தொழில், எந்த ஊர்ப்பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள யாராவது ஒரு ஆள் இருந்தார்.

வேப்பமரத்தடியில் அன்றைக்கு அந்த ஆள், டீக்கடை அக்கா. கூட்டத்துக்குள் புகுந்து, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டார். "தம்பி, நீ உக்காரு மொதல்ல" என்று கையைக் காட்டி உட்காரவைத்து, ஒரு டீயைக் கொடுத்தார். உட்கார்ந்திருப்பவரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. பிறகு அக்காவே 112க்குப் போன் போட்டார்.

போலீஸ் வந்து சாக்கை அவிழ்த்தது. ஒரு போர்வை, காலித் தண்ணீர் பாட்டில்கள், நசுங்கிய அலுமினியத் தட்டு. மனநலம் சரியில்லாதவர், எங்கோ வடக்கே ரயிலேறி வந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார்கள். இப்படி அலைகிறவர்களைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், குடும்பத்தைத் தேட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேளுங்கள். ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று பட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும்.

நான் கை ஓங்கவில்லை. ஆனால் அந்த இருபது பேரில் நானும் ஒருவன். "வேண்டாம்ப்பா" என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்த மாமா டீயைக் குடிச்சாரா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கடைசிவரை அந்தச் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.