சிலிண்டருக்குள் இருப்பது கேஸ் இல்லை

வணக்கம். இன்றைக்கு மேஜையும் கிடையாது, வெள்ளைப் பலகையும் கிடையாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் கேட்கிற சத்தம், அம்மா தேங்காய் துருவுவது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். "உன் வீடியோவுக்காகச் சட்னி காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டார். சத்தத்தோடேயே போவோம்.

ப்ளஸ் ஒன் வேதியியலில் மோல் ஒரு பாடம், வாயு நிலைமை ஒரு பாடம், வெப்ப இயக்கவியல் ஒரு பாடம். மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசை என்று அங்கங்கே நாலு பத்தி வரும். நான் படித்த காலத்தில் இவையெல்லாம் பஸ் வசதி இல்லாத நாலு ஊர் மாதிரி இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே தெரியாது. இதோ பக்கத்தில் நிற்கிறதே இந்தச் சிவப்பு சிலிண்டர், நாலு ஊருக்கும் போகிற பஸ் இதுதான் என்று எனக்குப் புரிந்தது ரொம்பப் பின்னால்தான்.

முதலில் ஒரு கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது? கேஸ் என்பீர்கள். இதை லேசாக ஆட்டுகிறேன், கேளுங்கள். சளக், சளக். கேஸ் சளக் என்று சத்தம் போடுமா? உள்ளே இருப்பது திரவம். அதற்கு மேலே கொஞ்சம் ஆவி, அவ்வளவுதான். அடுப்புக்கு வருவது அந்த மேல் ஆவி. அது குறையக் குறையக் கீழே இருக்கிற திரவம் கொதித்து, போன இடத்தை நிரப்புகிறது. ஆமாம், கொதித்து. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. புரொப்பேனுக்கு மைனஸ் 42. எல்பிஜி என்பது முக்கியமாக இந்த இரண்டின் கலவை. நம் ஊர் வெயிலில் இரண்டுமே எப்போதோ கொதித்து ஓடியிருக்க வேண்டியவை. மூடி வைத்திருப்பதால் ஓட முடியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், ஒரே ஒரு கணக்குதான்.

புது சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். கணக்கு சுலபமாக இருக்க எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொள்கிறேன். பியூட்டேன் மூலக்கூறில் நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன். நாலு பன்னிரண்டு 48, பத்து ஒன்று 10, ஆக 58. அதாவது 58 கிராம் பியூட்டேன் எடுத்தால் அது ஒரு மோல். மோல் என்பது எண்ணிக்கைக்கு வைத்த பெயர், வேறொன்றும் இல்லை. கடையில் வெற்றிலையை ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்க மாட்டோம், ஒரு கவுளி என்போம், நூறு வெற்றிலை. மோல் கொஞ்சம் பெரிய கவுளி. 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23. இதை அவோகாட்ரோ எண் என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அவோகாட்ரோவுக்கே அந்த எண் தெரியாது. 1811-இல் அவர் சொன்னது, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பது மட்டும்தான். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. 1856-இல் இறந்தும் போனார். எண்ணுக்கு அவர் பெயரை வைத்தது இருபதாம் நூற்றாண்டில்.

14,200-ஐ 58-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 245. புது சிலிண்டர் என்றால் 245 மோல். 30 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு மோல் வாயுவுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் இடம் வேண்டும். ஆக மொத்தம் 6,100 லிட்டர். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி ஆறு. ஆனால் இந்த சிலிண்டரின் கொள்ளளவு வெறும் 33.3 லிட்டர்.

இப்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் பிவி ஈக்வல்ஸ் என்ஆர்டி, அதாவது நல்லியல்பு வாயு சூத்திரம்: அழுத்தம் பெருக்கல் பருமன் என்பது மோல் எண்ணிக்கை பெருக்கல் ஒரு மாறிலி பெருக்கல் வெப்பநிலை. 245 மோலை 33.3 லிட்டரில் 30 டிகிரியில் அடைத்தால் அழுத்தம் எவ்வளவு? போட்டுப் பாருங்கள், 185 பார் வரும். காற்றழுத்தத்தைப் போல 185 மடங்கு! சிஎன்ஜி ஆட்டோவில் 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள், அதற்கென்று கனமான சுவர் உள்ள தனி சிலிண்டர் வேண்டும். நம் சிலிண்டரின் தகடு அத்தனை தடிமன் கிடையாது. அப்படியென்றால் இந்த வீட்டில் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாதே?

உள்ளே உண்மையில் இருக்கும் அழுத்தம் அதற்குக் கிட்டவே வராது. 30 டிகிரியில் பியூட்டேனின் ஆவியழுத்தம், அதாவது திரவத்துக்கு மேலே நிற்கிற ஆவி கொடுக்கும் அழுத்தம், 3 பாருக்குக் கொஞ்சம் குறைவு. தனிப் புரொப்பேன் என்றால் 11 பாருக்குப் பக்கம். நம் கலவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். சூத்திரம் 185 என்கிறது, சிலிண்டர் ஒற்றை இலக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மிச்சம் எங்கே போனது?

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். எனக்கு மொத்தப் பாடத்திலும் பிடித்த இடம் இது.

நல்லியல்பு வாயு சூத்திரம் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதை. தள்ளித் தள்ளி இருக்கும்போது அந்த இழுப்பு ஒரு பொருட்டில்லை, சூத்திரம் அழகாக வேலை செய்யும். நெருக்கினால் இழுப்பு ஜெயித்துவிடும். 185 பார் வரைக்கும் போகவே விடாமல், பாதி வழியில்கூட இல்லை, ஆரம்பத்திலேயே பிடித்துத் திரவமாக்கி உட்கார வைத்துவிடும். 6,100 லிட்டர் இருபத்தைந்து லிட்டராகச் சுருங்கியது அந்த இழுப்பால்தான்.

இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் நெதர்லாந்துக்காரர், வான் டர் வால்ஸ். தச்சர் மகன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். லத்தீனும் கிரேக்கமும் படிக்காததால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத அவருக்கு முதலில் அனுமதி இல்லை, விதி மாறிய பிறகுதான் எழுதினார். 1873-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இந்தத் திருத்தத்தைப் போட்டார். மூலக்கூறுக்கும் இடம் வேண்டும், மூலக்கூறுக்கு இழுப்பும் உண்டு, இரண்டையும் சேர்த்துக்கொள் என்றார். 1910-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? பியூட்டேனில் நேர்முனை, எதிர்முனை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எலக்ட்ரான்கள் ஒரு இடத்தில் சும்மா இருக்காது. ஒரு நொடியின் துணுக்கில் கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும், பக்கத்து மூலக்கூறும் அதற்கேற்பச் சாயும், இரண்டும் இழுத்துக்கொள்ளும். அடுத்த துணுக்கில் வேறு பக்கம். லண்டன் விசை என்று பெயர். ஊர்ப் பெயர் இல்லை, பிரிட்ஸ் லண்டன் என்ற ஆளின் பெயர். நான் பரீட்சையில் "இது லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது" என்றே எழுதியிருக்கிறேன்.

எலக்ட்ரான் அதிகமானால் இந்த இழுப்பும் அதிகம். மீத்தேனில் 10, புரொப்பேனில் 26, பியூட்டேனில் 34. கொதிநிலையைப் பாருங்கள், மைனஸ் 161, மைனஸ் 42, மைனஸ் அரை. இன்னும் நீட்டிக்கொண்டே போனால் பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய், அதற்கும் மேலே போனால் பூஜை அறையில் இருக்கிற மெழுகுவத்தி. எல்லாம் ஒரே வகையறாதான், சங்கிலி நீளம்தான் வேறு. மீத்தேனின் இழுப்பு ரொம்பப் பலவீனம். அதனால் மைனஸ் 82 டிகிரிக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகவே ஆகாது. சிஎன்ஜியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். ஆட்டோக்காரர் 200 பாரைச் சுமந்துகொண்டு போவதற்கு இதுதான் காரணம்.

ஒரு சின்னக் குறுக்குச்சால். தண்ணீரிலும் எலக்ட்ரான் 10தான், மீத்தேனைப் போலவே. எடையும் கிட்டத்தட்ட ஒன்று, 18-க்கு 16. லண்டன் விசையை மட்டும் நம்பினால் தண்ணீரும் மைனஸ் நூற்றுச் சொச்சத்திலேயே கொதித்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு என்ற கூடுதல் பிடி இருப்பதால் 100 வரைக்கும் தாங்குகிறது. அது இல்லையென்றால் குடிக்கத் தண்ணீர் சிலிண்டரில் வந்திருக்கும்.

அப்புறம், நிறையப் பேர் மதிப்பெண் விடுகிற இடம். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. பியூட்டேன் கொதிக்கும்போதும் எந்தக் கார்பனும் எங்கேயும் போவதில்லை. மூலக்கூறு மூலக்கூறாகவே இருக்கிறது, பக்கத்து மூலக்கூறின் கையை விடுகிறது, அவ்வளவுதான். கை விடுவிக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு மோலுக்கு ஏறக்குறைய 21 கிலோ ஜூல். அதே ஒரு மோலை எரித்தால் 2,880 கிலோ ஜூல் கிடைக்கிறது. எரிவதில்தான் பிணைப்பே உடைந்து புதுப் பிணைப்பு உருவாகிறது. எது கை விடுவது, எது ஆளே மாறுவது என்று இந்த இரண்டு எண்ணும் காட்டிவிடும்.

இருபத்தொன்று சின்ன எண் என்று விட்டுவிடாதீர்கள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் பெரிய அடுப்புகள் எரியும்போது நீல சிலிண்டரின் அடியில் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். பக்கத்தில் அண்டா கொதிக்கிறது, இது மட்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது. வேகமாக ஆவியாகும் திரவம் அந்த 21 கிலோ ஜூலை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். தன்னிடமிருந்தும் இரும்புச் சுவரிடமிருந்தும் எடுக்கிறது. குளிர்ந்ததும் ஆவியழுத்தம் இறங்கும், அடுப்பில் தீயும் இறங்கும். சமையல் மாஸ்டர் சிலிண்டரைத் தண்ணீர் டப்புக்குள் இறக்கி வைப்பார். தண்ணீர் வெப்பம் கொடுக்கும், தீ ஏறும். அவர் ஆவியழுத்தம் என்றெல்லாம் பேச மாட்டார், "கேஸுக்குக் குளிர் அடிச்சிருக்கு" என்பார். சரியாகத்தான் சொல்கிறார்.

தீ குறைந்தால் சிலர் சிலிண்டரைப் படுக்கப் போட்டு எரிப்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். படுத்தால் ரெகுலேட்டர் வழியாகத் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் இருநூற்றுச் சொச்சம் லிட்டர் வாயுவாகும் என்று இப்போதுதானே பார்த்தோம். கசிவு வாசனை வந்தாலும் இதே கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றின் சராசரி 29, பியூட்டேன் 58. இரண்டு மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு தங்கும். ஸ்விட்ச் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். அந்த வாசனைகூட கேஸின் வாசனை இல்லை. கசிவு தெரிவதற்காகச் சேர்க்கிற எத்தில் மெர்கேப்டன். அதன் கொதிநிலை 35 டிகிரி, பியூட்டேனை விட நிதானமாகத்தான் ஆவியாகும். அதனால் அடியில் தங்கித் தங்கி, சிலிண்டர் தீரும் சமயத்தில் வாசனை தூக்கலாக வரும்.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன். அடுப்பு கால் மணி நேரமாக எரிகிறது. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை ஒரு பட்டையாகத் துடைக்கிறேன். பாருங்கள், மேலே ஈரம் காய்கிறது... நடுவிலும் காய்ந்துவிட்டது... இங்கே, அடி வளையத்துக்கு மேலே நாலு விரல் அளவுக்கு மட்டும் காயாமல் மினுமினுக்கிறது. திரவம் இருக்கிற மட்டம் அது. அந்த இடம் குளிர்ச்சியாக இருக்கும், சட்டென்று சூடேறவும் ஏறாது.

கையால் தூக்கிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் அழுத்தமானி மாட்டினால் பிரயோஜனமில்லை. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். திரவம் பாதி இருந்தாலும் ஒரு டம்ளர் இருந்தாலும் ஆவியழுத்தம் ஒன்றுதான். அதை மாற்றுவது வெப்பநிலை. வெயிலில் வைக்காதே என்பது அதற்காகத்தான்.

அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, எடை மெஷினில் ஏற்றியிருக்கிறேன். 17.9 கிலோ. கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டையில் காலி எடை எழுதியிருக்கிறது, 15.8. மிச்சம் 2.1 கிலோ, அதாவது 36 மோல். ஒரு லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 100-க்குக் கொண்டுபோக 293 கிலோ ஜூல். அடுப்பு வெப்பத்தில் நாற்பது சதவீதம் வீண் என்று வைத்தாலும் ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் கேஸ் போதும். ஆனால் அதே தண்ணீரைக் கொதித்த பிறகு ஆவியாகி வற்ற விட்டால் ஏழு மடங்குக்கு மேல் செலவாகும். கொதி வந்ததும் சிம்மில் வை என்று அம்மா கத்துவது இதற்குத்தான். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 400 கிராம் ஆகிறது. ஆக, ஐந்து நாள். இன்று ஞாயிறு.

அம்மா, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாரேன். எத்தனை நாள் வரும்?

"வெள்ளிக்கிழமை காலையில தீரும். இன்னுமா புக் பண்ணல?"

இல்லை. புக் பண்ண வேண்டிய போன் இதுதான், இதில்தான் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துகிறேன்.