பழைய சூப்பர்சார்ஜர் கிட்டில் பாதி சாமான் இல்லை: எங்கே தேடுவது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனால் கொஞ்சம் நீளமான பதில். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படிக்கிறேன்.

"அண்ணே, என்னிடம் 2008 ஹைலக்ஸ் 4.0 வி6 பக்கி இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவர் அமெரிக்க சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றைக் கழற்றி விற்றார், வாங்கிவிட்டேன். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் பெல்ட் இல்லை, ஐட்லர் புல்லி ஒன்று குறைகிறது, போல்ட் ஒன்றுகூட இல்லை, ஹோஸ் பாதிதான் இருக்கிறது. மாட்டும் முறை சொல்லும் புத்தகமும் இல்லை. மீதியை எங்கே தேடுவது?"

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தென்னாப்பிரிக்காவில் பிக்கப்புக்குப் பேர் பக்கி. நான் டர்பன் வந்த புதிதில் கோவையில் இருக்கும் அம்மாவிடம் "ஒரு பக்கி வாங்கியிருக்கிறேன்" என்று போனில் சொன்னேன். "யாரைடா திட்டுகிறாய்?" என்றார்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். சூப்பர்சார்ஜர் என்றால் பெல்ட்டால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப். இப்போதைக்கு ஸ்பேர்ஸ் கடைப்பக்கம் போகவே வேண்டாம். ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, பெட்டியில் இருப்பதையெல்லாம் அதன்மேல் பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாததைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. இருப்பது உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வார்.

அமெரிக்காவில் ஹைலக்ஸ் விற்பதில்லை. ஆனால் உங்கள் 1ஜிஆர்-எஃப்ஈ இன்ஜின் அங்கே டகோமா, ஃபோர்ரன்னர், எஃப்ஜே குரூஸரில் வந்தது. அந்த இன்ஜினுக்கு டொயோட்டாவின் ரேஸிங் பிரிவான டிஆர்டி பெயரில் வந்த கிட்டை மேக்னசன் கம்பெனிதான் செய்து கொடுத்தது. இந்த இன்ஜினிலேயே இரண்டு விதம் உண்டு: முதலில் வந்தது ஒற்றை விவிடி-ஐ (வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு), பிறகு வந்தது இரட்டை விவிடி-ஐ. உங்களுடையது ஒற்றை. கிட் இரட்டைக்கு உரியது என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், விற்றவரிடம் பேசுவதுதான் வழி. ஆகவே சூப்பர்சார்ஜரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகடு, வார்ப்பில் பதிந்திருக்கும் எண் இரண்டையும் வயர் பிரஷ் போட்டுத் துடைத்துப் படியுங்கள். அந்த எண்ணை வைத்துத் தேடினால், செய்த கம்பெனியின் இன்ஸ்டலேஷன் மேனுவல் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதில் சாமான் பட்டியல் எண்ணிக்கையோடு இருக்கும். பிரிண்ட் எடுத்து, பெட்ஷீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள்.

டிக் செய்யும்போதே சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோர டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய 82 சதவீதம்தான். அந்த இழப்பை ஈடுகட்ட மேலே இருப்பவர்கள் சின்ன புல்லி போட்டுச் சார்ஜரை வேகமாகச் சுற்றவிடுவார்கள். நீங்கள் இருக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கோ சுமார் 600 மீட்டரில், வாரக் கடைசியில் கடற்கரைக்கும் இறங்குவீர்கள். அதே புல்லி இங்கே தேவைக்கு மேல் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், கொடுக்கும். பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்து இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். மேனுவலில் சொன்ன அளவைவிடச் சின்னதாக இருந்தால் மூலப் புல்லியையும் தேட வேண்டிய பட்டியலில் சேருங்கள். பெட்ரோலும் அப்படித்தான். அங்கே 93 ஆக்டேன் ஊற்றி ஓட்டியிருக்கலாம். நீங்கள் 95க்குக் கீழே போகாதீர்கள்.

புல்லி முடிவான பிறகுதான் பெல்ட். புல்லி மாறினால் பெல்ட் நீளமும் மாறும். மேனுவலில் அமெரிக்க எண் இருக்கும். உதாரணத்துக்கு கே060905 என்றால் 6 வரி, 90.5 அங்குலம். 25.4ஆல் பெருக்கினால் 2,299 மில்லிமீட்டர். இங்கே கடையில் 6பிகே2300 என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். எண்ணே தெரியாவிட்டால், எல்லாப் புல்லியையும் மாட்டி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாதித் தூரத்தில் நிறுத்தி, இழுத்தால் நீளாத நூல் ஒன்றைப் பெல்ட் போகும் வழியிலேயே சுற்றி அளந்துகொள்ளுங்கள். கடைக்காரரிடம் பேசி, அந்த அளவிலும் முன்பின் ஓர் அளவிலுமாக மூன்று பெல்ட் எடுத்து வாருங்கள், இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெல்ட்டை வழிநடத்த மட்டும் சும்மா சுழலும் ஐட்லர் புல்லியைக் காணோம் என்றால் மனம் தளர வேண்டாம். பல ஐட்லரில் உள்ளே இருப்பது 6203 பேரிங்தான், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லி. எந்த பேரிங் கடையிலும் இருக்கும். வழவழப்பான புல்லியா, வரி போட்ட புல்லியா என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் முதுகு படும் இடத்தில் வழவழப்பானது வரவேண்டும். பிராக்கெட் காணோம் என்றால்தான் கஷ்டம். படத்தைப் பார்த்து லேத் பட்டறையில் செய்யலாம், ஆனால் ஒரு மில்லி தள்ளினாலும் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும். அதைக் கம்பெனியிடமே கேட்டு வாங்குவது நல்லது.

அப்புறம் போல்ட். வண்டி மெட்ரிக், கிட்டில் சில இடம் அங்குலமாக இருக்கலாம். 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லி. எம்8 (8 மில்லி மெட்ரிக்) துளையில் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கிறது போல" என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியத்தின் மரை மொத்தமும் போய்விடும். நானே ஒருமுறை அழுத்தி, ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வாடிக்கையாளருக்கு அதற்குப் பில் போடவில்லை, என்ன சொல்லிப் போடுவது? விரலால் முழு நீளமும் ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இன்ஜின் பக்கம் உட்காரும் கேஸ்கெட் பெரும்பாலும் வண்டிக்கு உரியதேதான். வண்டியின் விஐஎன் (சேஸிஸ்) எண்ணைக் கொடுத்து டொயோட்டா பார்ட்ஸ் கவுண்டரில் புதிதாக வாங்குங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கிட் முழுசாக இருந்தாலும் உங்களுக்குக் குறையும். அது இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குச் செய்தது. நமக்கு பிரேக் பூஸ்டர் வலப்பக்கம். வாக்குவம் ஹோஸ் எட்டாது. எட்டவில்லை என்று துண்டு போட்டு ஒட்டவைக்காமல், பிரேக் பூஸ்டருக்கு உரிய தடித்த ஹோஸாக ஒரே நீளத்தில் வாங்குங்கள். பெட்ரோல் போகும் ஹோஸ் என்றால் மேலே ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான்.

இன்னொரு மெல்லிய ஹோஸ் இருக்கும், பைபாஸ் வால்வுக்குப் போவது. மெதுவாக ஓட்டும்போது வாக்குவம் அந்த வால்வைத் திறந்து காற்றைச் சுற்றவிடும், சார்ஜர் சும்மா சுழலும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வாக்குவம் போய், ஸ்பிரிங் அதை மூடும், பூஸ்ட் வரும். இந்த ஹோஸ் இல்லாமல் ஓட்டினால் வால்வு எப்போதும் மூடியே கிடக்கும், சூடு ஏறும், பெட்ரோலும் குடிக்கும். வால்வு நல்லதா என்று மேஜையிலேயே பார்க்கலாம். ஒரு துண்டு ஹோஸை மாட்டி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். லீவர் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதியில், அதாவது புல்லி மாட்டும் முன்பக்கத்தில், கியர் ஆயில் இருக்கும். அதைத் திறந்தால் வரும் நாற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு. அதற்குரிய சூப்பர்சார்ஜர் ஆயிலே ஊற்றுங்கள், இன்ஜின் ஆயில் வேண்டாம். புல்லியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டும்போது கடகடவென்றால் புல்லியின் சுழற்சியை உள்ளே கடத்தும் கப்ளர் தேய்ந்துவிட்டது, அதையும் வாங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதை ஒரே பார்சலில் வரவழையுங்கள். சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறை, போடும் கணக்கு இப்படி: பொருளின் விலையோடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகைக்கு 15 சதவீதம் வாட். 5,000 ரேண்ட் பொருளுக்குச் சுங்க வரி இல்லையென்றாலும் 825 ரேண்ட் வாட் வரும். கூரியர் கூலி தனி.

கடைசியாக ஒன்று, இது எந்தக் கடையிலும் கிடைக்காது. கிட்டோடு வந்த அமெரிக்க ட்யூனிங் ஃபைல் நம் வண்டியின் ஈசியுவுக்கு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எழுதியதல்ல. சாமான் எல்லாம் மாட்டியதும் வண்டியை டிரக்கில் ஏற்றி, டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மெஷின்) உள்ள இடத்துக்கு ட்யூனிங் செய்யக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் போதாமல் பூஸ்ட் ஏறினால் பிஸ்டன் உருக அரை நிமிடம் போதும்.

தம்பி, அந்தத் தகட்டின் படத்தையும் புல்லி அளவையும் எனக்கு அனுப்புங்கள். புல்லி சின்னதாக இருந்தால் எந்த அளவுக்கு மாற்றுவது என்பதை அடுத்த வீடியோவில் உங்கள் வண்டியை வைத்தே பேசுகிறேன்.