இட்லிக்கே கழன்ற கேப்

வணக்கம் நேயர்களே. போன மாதம் ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேசை மேல் வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு பல் கேப், அதன் அடியில் குச்சி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "முறுக்குக் கடிச்சு வந்திருந்தா மனசு ஆறும் டாக்டர், இட்லிக்கே வந்துடுச்சே!" என்றார். அதை நாலு வருடம் முன்னால் ஒட்டியது நான்தான்.

வேர் சிகிச்சை செய்த பல்லில் மேல்பகுதி பெரும்பாலும் சொத்தையில் போயிருந்தால் கேப்புக்குப் பிடிமானம் இருக்காது. அதனால் வேரின் குழாய்க்குள் போஸ்ட் என்கிற சின்னக் குச்சியை இறக்கி, அதன் மேல் பல்லைக் கட்டி எழுப்புகிறோம். ஒரு காலத்தில் எல்லாம் உலோகம். ஸ்டீல், பல்லின் உட்பகுதியான டென்டினைவிட ஏறக்குறைய 10 மடங்கு விறைப்பானது. கடிக்கிற அழுத்தத்தில் அது வளையாது, வேர்தான் பிளக்கும். 1990-களில் ஃபைபர் போஸ்ட் புழக்கத்துக்கு வந்தது. இப்போது நாங்கள் போடுவது கண்ணாடி இழைகளை எபாக்ஸி பிசினில் இறுக்கிச் செய்தது. பல்லோடு சேர்ந்து கொஞ்சம் வளையும். வேரைப் பிளப்பது குறைவு. இதன் குறை, கழன்று வந்துவிடும். பிளந்த வேரைப் பிடுங்கத்தான் வேண்டும், கழன்றதை மறுபடி ஒட்டலாம். அதனால் நான் இதன் கட்சி.

ஆனால் ஏன் கழல்கிறது? கான்கிரீட் தூணைப் பூசுவதற்கு முன்னால் கொத்தனார் அதைக் கொத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான பரப்பில் பூச்சு நிற்காது. புது போஸ்டும் அப்படித்தான். எபாக்ஸி ஏற்கெனவே முழுசாக இறுகிப்போனது, போஸ்டை வேரில் ஒட்டும் பசையான ரெசின் சிமென்டோடு சேர அதில் எதுவும் மிச்சமில்லை. சிலேன் என்றொரு திரவம் தடவுவோம். அது ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் சிமென்டையும் பிடிக்கும். கண்ணாடியே எபாக்ஸிக்குள் ஒளிந்திருந்தால் எதைப் பிடிப்பது?

ஆக, முதலில் இழையை வெளியே கொண்டுவர வேண்டும். 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் காற்றில் பீய்ச்சலாம். ஆனால் கை சற்று நீண்டால் இழைகளே அறுந்துவிடும். பீங்கானுக்குப் பயன்படுத்தும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், அது கண்ணாடியையே தின்னும். எனக்குப் பிடித்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. 24 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் ஊறினாலே மேல்தோலாக இருக்கும் எபாக்ஸி கரைகிறது, இழைகள் சேதமில்லாமல் தெரிகின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நன்றாகக் கழுவி, உலர்த்தி, அப்புறம் சிலேன்.

பெரியவரின் போஸ்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் சிமென்ட் அப்படியே ஒட்டியிருந்தது. போஸ்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. கைவிட்டது வேரின் சுவர். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். நாங்கள் போஸ்டுக்கு அலங்காரம் செய்கிற அக்கறையைச் சுவருக்குக் காட்டுவதில்லை.

போஸ்டுக்கு இடம் பண்ண டிரில் இறங்கும்போது டென்டின் தூள், வேர் சிகிச்சையில் குழாயை அடைத்த ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா, அதன் இடுக்கை மூடிய சீலர் எல்லாம் குழைந்து சுவரில் மெழுகியது போல அப்பிக்கொள்ளும். அதை 17 சதவீத ஈடிடிஏ கரைசலால் கழுவி எடுக்க வேண்டும். கிருமியைக் கொல்ல ஊற்றும் ஹைப்போகுளோரைட் சுவரில் ஆக்சிஜனை விட்டுச்செல்லும், அது ரெசின் சிமென்டை இறுகவிடாது. கிராம்பெண்ணெய்ச் சத்தான யூஜினால் கலந்த சீலரும் அதே சேட்டை செய்யும். போதாததற்கு, இறுகும்போது சிமென்ட் சுருங்கும். சாதாரணப் பல்குழியில் ஒட்டிய பரப்பு ஒட்டாத பரப்பைப்போல 1 முதல் 5 மடங்கு. வேர்க்குழாயில் 200 மடங்கைத் தாண்டலாம். சுருங்குகிற சிமென்டுக்கு இளகிக்கொடுக்க இடமே இல்லை, சுவரைவிட்டு உரிந்துதான் வரும்.

பழைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். என் கையெழுத்தில், 'கடைசிக் கழுவல்: ஹைப்போகுளோரைட்'. அது ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கழுவலுக்குப் பிறகு தண்ணீர் விட்டு அலசியதாக ஒரு வார்த்தை இல்லை. இந்த முறை ஈடிடிஏ, நிறையத் தண்ணீர், பேப்பர் பாயின்ட் என்கிற மெல்லிய தாள் குச்சி வைத்து ஈரம் எடுத்து, புது போஸ்ட். காசு வாங்கவில்லை.

உங்களுக்கும் கேப் போஸ்டோடு கழன்று வந்தால் வீட்டில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒட்டியிருக்கும் சிமென்டைச் சுரண்டாமல் கொண்டுவாருங்கள், அதைத்தான் முதலில் பார்ப்போம். நன்றி, வணக்கம்.